திருச்சி விமானம் ஏன் உடனே இறங்காமல் சுற்றியது? ஏறும் எடை, இறங்கும் எடை பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கினால் இதுதான். 2024 அக்டோபர் 11 அன்று மாலை திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில் ஹைட்ராலிக் கோளாறு, அதாவது சக்கரம், பிரேக் போன்றவற்றைத் திரவ அழுத்தத்தால் இயக்கும் அமைப்பில் கோளாறு. உடனே இறங்கியிருக்கலாம், ஆனால் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் வானத்திலேயே வட்டமடித்து, இரவு எட்டே கால் மணி வாக்கில்தான் இறங்கியது. எடையைக் குறைக்கச் சுற்றினார்கள் என்று செய்தியில் கேட்டீர்கள், எரிபொருளைக் கீழே கொட்டினார்கள் என்றும் கேட்டீர்கள். "தூக்கிக்கொண்டு ஏற முடிந்த எடையோடு இறங்க முடியாதா? அப்படியென்றால் ஏறிய ஐந்தாவது நிமிடம் தீப்பிடித்தால் என்ன கதி? அப்புறம், அதிக எடையோடு இறங்கிய விமானம் திரும்பப் பறக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி திருச்சியைப் பற்றியது போலத் தெரிந்தாலும், உள்ளே இருக்கும் சந்தேகம் வேறு: புறப்பட்ட முதல் ஓரிரு மணி நேரம் விமானம் இறங்கவே முடியாத நிலையில்தான் பறக்கிறதா என்பது. இல்லை. எந்த நிமிடமும் இறங்கலாம். அப்படியானால் ஏன் சுற்றினார்கள் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் விமானி இல்லை. தரையில் லோடு கன்ட்ரோல், பிறகு டிஸ்பாட்ச் என்று பல வருடம் வேலை பார்த்தவன். எத்தனை பேர், எவ்வளவு மூட்டை, எவ்வளவு எரிபொருள், இன்றைய வெயிலுக்கு இந்த ரன்வேயில் எத்தனை டன்னோடு கிளம்பலாம் என்று கணக்குப் போட்டு லோடு ஷீட்டை காக்பிட்டுக்குக் கொடுக்கும் ஆட்கள் நாங்கள். அதனால் எடைக் கணக்கை உறுதியாகச் சொல்வேன். அன்றைக்கு அந்த விமானிகள் என்ன யோசித்தார்கள் என்று நான் சொல்வதெல்லாம் ஊகம். ஊகம் வரும் இடத்தில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் எண்கள். போயிங் 737-800 ரகத்தின் உச்சப் புறப்பாட்டு எடை சுமார் 79 டன், உச்சத் தரையிறங்கு எடை சுமார் 66.3 டன். ஏர்பஸ் ஏ320 நியோவுக்கு 79, 67.4. நீண்ட தூரம் போகும் போயிங் 777-300ஈஆர் விமானத்துக்கு 351.5 டன், 251.3 டன். அதாவது இடைவெளி மட்டுமே நூறு டன். ஆனால் சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் பறக்கும் சின்ன ஏடிஆர் 72-600 விமானத்தைப் பாருங்கள்: 23 டன்னோடு கிளம்பலாம், 22.35 டன்னோடு இறங்கலாம். வித்தியாசம் டன் கணக்கில்கூட இல்லை. இந்த எண்கள் விமானத்துக்கு விமானம் கொஞ்சம் மாறும். ஒரே ரக விமானத்தையே ஒரு நிறுவனம் அதிக எடைக்குச் சான்று வாங்கி வைத்திருக்கும், இன்னொன்று குறைவாக வாங்கியிருக்கும். உலோகம் ஒன்றுதான், காகிதம் வேறு. விமான நிலையங்கள் தரையிறங்கு கட்டணத்தை அந்தக் காகித எடையை வைத்துத்தான் வசூலிக்கின்றன என்பதால், தேவையில்லாத டன்னுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

இறங்கும் எடை ஏன் குறைவு? புறப்படும்போது விமானத்தின் முழு எடையும் சக்கரங்களின் மேல் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. வேகம் கூடக் கூட இறக்கைகள் அந்தப் பாரத்தை மெதுவாக வாங்கிக்கொள்கின்றன. இறங்கும்போது பாரம் மேலிருந்து வந்து மோதுகிறது. நூறு கிலோ மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடக்கிறவர், அதே மூட்டையோடு திண்ணையிலிருந்து குதிக்க மாட்டார். விமானச் சான்று விதிகளில் இதற்குத் துல்லியமான எண் இருக்கிறது. உச்சத் தரையிறங்கு எடையில், வினாடிக்கு 10 அடி வேகத்தில் கீழே வந்து மோதினாலும் சக்கரத் தொகுதியும் அது பொருந்தியிருக்கும் உடலும் தாங்க வேண்டும். அதே விதி இன்னொன்றும் சொல்கிறது, பலருக்கு இது தெரியாது: உச்சப் புறப்பாட்டு எடையிலேயே, வினாடிக்கு 6 அடி வேகத்தில் மோதினாலும் தாங்க வேண்டும். ஆக, முழு எடையோடு இறங்குவது விமானத்தை வடிவமைக்கும்போதே கணக்கில் எடுத்துக்கொண்ட ஒன்று.

வினாடிக்கு 6 அடி என்பது எவ்வளவு? சாதாரணமாக நாம் உட்கார்ந்திருக்கும் விமானம் தரையைத் தொடும்போது வினாடிக்கு இரண்டு மூன்று அடி வேகத்தில்தான் கீழே வருகிறது. "என்னப்பா இப்படிப் போட்டு அடிச்சுட்டான்" என்று பக்கத்து சீட்டுக்காரர் முகம் சுளிக்கிற லேண்டிங்கூடப் பெரும்பாலும் இந்த 6 அடிக்குள்தான் அடங்கும். மோதலின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், 10 அடிக்கும் 6 அடிக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதாவது எடை வரம்புக்குள் இறங்கும் விமானி கொஞ்சம் தப்பாக இறக்கினாலும் பிழைத்துக்கொள்ள நிறைய இடம் இருக்கிறது. முழு எடையோடு இறங்குபவருக்கு அந்த இடம் சுருங்கிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம். 66.3 டன்னில் பாதுகாப்பு, 66.4 டன்னில் ஆபத்து என்று கோடு எதுவும் கிழித்து வைக்கவில்லை.

சக்கரத் தொகுதியை இன்னும் கனமாகச் செய்து, ஏறும் எடையிலேயே 10 அடி வேகத்தையும் தாங்கும்படி கட்டிவிடலாமே என்று கேட்கலாம். கட்டலாம். ஆனால் அந்தக் கூடுதல் இரும்பை விமானம் தன் ஆயுள் முழுக்க ஒவ்வொரு பயணத்திலும் சுமக்க வேண்டும், அதற்கு எரிபொருள் எரிக்க வேண்டும், அந்த அளவுக்குப் பயணிகளைக் குறைக்க வேண்டும். ஆயிரத்தில் ஒரு தடவை தேவைப்படுகிற ஒன்றுக்காக 999 தடவை சுமப்பது. தினமும் பத்து மணி நேரம் பறந்து எண்பது தொண்ணூறு டன் எரித்துவிட்டு இறங்குகிற 777-க்கு அது வீண். ஏடிஆர் முக்கால் மணி நேரம் பறந்து சில நூறு கிலோ மட்டும் எரிக்கிறது. ஒரே நாளில் நிறையத் தடவை ஏறி இறங்குகிறது. அதற்கு இரண்டு எடையும் ஒட்டி இருந்தால்தான் பிழைப்பு நடக்கும். எண்களில் இருந்த அந்த வித்தியாசத்துக்குக் காரணம் இதுதான்.

சக்கரம் தாங்குமா என்பது பாதிக் கதை. மீதிப் பாதி, நிற்குமா என்பது. எடை 10 சதவீதம் கூடினால் இறங்கும் வேகம் சுமார் 5 சதவீதம் கூட வேண்டும். அப்படியென்றால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 21 சதவீதம் கூடுகிறது. 737-இல் 79 டன்னோடு இறங்கினால் 66 டன்னை ஒப்பிட இது 40 சதவீதத்தைத் தாண்டும். பிரேக் கொதித்து, சக்கரத்தில் இருக்கும் பாதுகாப்பு அடைப்புகள் உருகி டயர் காற்றை விட்டுவிடலாம். டயர் வெடித்துச் சிதறக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே வைத்திருக்கும் ஏற்பாடு அது. இன்னொன்றும் இருக்கிறது. இறங்கப் போய், சரிப்படவில்லை என்று மறுபடி மேலே ஏற வேண்டி வந்தால், அதுவும் ஒரு எஞ்சின் போன நிலையில், அந்த எடையோடு ஏறுமா? சான்றுக் கணக்கில் இது முக்கியமான சோதனை. வெயில் கூடிய நாளில், மேட்டு நிலத்தில் இருக்கும் விமான நிலையத்தில், இரும்பின் வலிமையைவிட இந்தக் கணக்குதான் முதலில் கையைக் கட்டும்.

ஏறும் எடைக்கும் இதே கதைதான். 79 டன் என்பது புத்தகத்து உச்சம். அன்றன்றைக்கு அந்த ரன்வேயில் அனுமதிக்கும் எடை வேறு, அதை நாங்கள் ரெகுலேட்டட் டேக்-ஆஃப் வெயிட் என்போம். ஓடும்போது ஒரு எஞ்சின் போனால் மீதி ரன்வேக்குள் நிற்க முடிய வேண்டும், அல்லது ஒற்றை எஞ்சினோடு ஏறி எதிரே இருக்கும் மலையையோ கட்டடத்தையோ தாண்ட முடிய வேண்டும். 40 டிகிரி வெயிலில் காற்றின் அடர்த்தி 15 டிகிரியில் இருப்பதைவிட சுமார் 8 சதவீதம் குறைந்துவிடும். இறக்கைக்குப் பிடிப்பு குறையும், எஞ்சினுக்கு மூச்சு குறையும். கடல் மட்டத்திலிருந்து 3,256 மீட்டர் உயரத்தில் இருக்கும் லே விமான நிலையத்தில் விமானங்கள் காலையிலேயே வந்து போவதற்குக் காற்றோடு இதுவும் ஒரு காரணம். அங்கிருந்து முழு விமானம் ஆட்களையும் முழு லக்கேஜையும் ஏற்றிக்கொண்டு வருவது சிரமம். 2017 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வெயில் 48 டிகிரியைத் தொட்டபோது சின்ன ஜெட் விமானங்களின் பயணங்கள் டஜன் கணக்கில் ரத்தாயின. அந்த ரகத்துக்குச் சான்று கொடுத்திருந்த வெப்ப அளவே அதோடு முடிந்துவிட்டது.

தினசரி வேலையில் இறங்கும் எடை எங்களை எப்படிப் படுத்தும் என்று சொல்கிறேன், இது பயணிகளுக்குத் தெரியாத பக்கம். விமானம் கிளம்பும் எடை, இறங்கும் எடை வரம்போடு வழியில் எரியப் போகும் எரிபொருளைக் கூட்டினால் வருவதைத் தாண்டக் கூடாது. திருச்சியிலிருந்து சென்னைக்கு ஒரு 737 போகிறது என்றால் வழியில் இரண்டு டன்கூட எரியாது. ஆக, புத்தகத்தில் 79 டன் என்று எழுதியிருந்தாலும் எனக்குக் கிடைப்பது 68 டன்னுக்குச் சற்று மேல்தான். சாதாரணமாக இது போதும். ஆனால் விமான எரிபொருளுக்கு மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறு. விலை குறைந்த ஊரில் திரும்பி வருவதற்கும் சேர்த்து நிரப்பிக்கொள்ளச் சொல்வார்கள், இதற்கு டேங்கரிங் என்று பெயர். அப்படி நிரப்பிய நாளில் ஆள் நிறைந்து, சரக்கும் நிறைந்தால் இறங்கும் எடை இடிக்கும். அப்போது முதலில் இறக்கப்படுவது சரக்கு, அப்புறம் எரிபொருளைக் குறைத்துத் தரச் சொல்லி விமானியிடம் பேச்சு. "விமானத்தில் இடம் இருந்தும் என் பெட்டி வரவில்லை" என்று வருகிற புகார்களில் சில இப்படிப் பிறந்தவைதான். பயணிகளை நாங்கள் தராசில் நிறுத்துவதில்லை. இந்தியாவில் பெரியவர் ஒருவருக்குக் கைப்பையோடு சேர்த்து 75 கிலோ என்று வைத்துக்கொள்கிறோம். 180 பேர் சேர்ந்தால் சராசரி ஓரளவு சரியாக வரும் என்ற நம்பிக்கை. ஆக, லோடு ஷீட்டில் கிலோ வரைக்கும் எண் எழுதியிருந்தாலும் உண்மையான எடை அதற்குச் சில நூறு கிலோ முன்னே பின்னே இருக்கும். வரம்புகளில் இருக்கும் இடைவெளி இதற்கும் சேர்த்துத்தான்.

சரி, திருச்சிக்கு வருவோம். உறுதியானவை இவை: விமானம் போயிங் 737, அதில் 140-க்கும் மேற்பட்டோர் இருந்தார்கள், ஹைட்ராலிக் கோளாறு, பத்திரமாக இறங்கியது. எரிபொருளைக் கொட்டவில்லை, கொட்டியிருக்கவும் முடியாது. 737-இல் கொட்டுவதற்கான குழாயே கிடையாது. ஏ320-இலும் கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும்.

இனி வருவது என் மனக்கணக்கு. காலி விமானமும் சிப்பந்திகளும் 42 டன் போல, பயணிகளும் வளைகுடா லக்கேஜும் 14, 15 டன், நான்கு மணி நேரப் பயணத்துக்கும் இருப்புக்கும் சேர்த்து 13 டன் எரிபொருள். கூட்டினால் 70 டன் பக்கம். இறங்கும் வரம்பைவிட மூன்று நான்கு டன் அதிகம். 737 மணிக்கு இரண்டரை டன் போல எரிக்கும். வரம்புக்குள் வர ஒன்றரை மணி நேரம் போதும். அப்படியானால் மீதி நேரம் எதற்கு? இங்கேதான் ஹைட்ராலிக் வருகிறது. 737-இல் இரண்டு பிரதான ஹைட்ராலிக் அமைப்புகளும் ஒரு மாற்று அமைப்பும் உண்டு. எது போகிறது என்பதைப் பொறுத்து, தரையில் இறங்கியதும் காற்றைத் தடுத்து விமானத்தை அழுத்தும் ஸ்பாய்லர், எஞ்சின் எதிர்த்திசை உந்துதல், முன்சக்கரத்தைத் திருப்புவது என்று நிறுத்த உதவும் சில விஷயங்கள் குறைந்துவிடும் அல்லது மெதுவாகிவிடும். நிற்கத் தேவைப்படும் தூரம் கூடும். திருச்சி ரன்வே இரண்டரை கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சென்னையின் பெரிய ரன்வே 3,658 மீட்டர். அப்படிப்பட்ட நிலையில் சட்டப்படியான வரம்பைத் தொட்டதும் இறங்குவதைவிட, இன்னும் இரண்டு டன் எரித்து வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்குவது விவேகம். அதோடு, விமானிகள் கையேட்டின் சரிபார்ப்புப் பட்டியலை ஒவ்வொன்றாக முடிக்க வேண்டும், கீழே தீயணைப்பு வண்டிகள், ஆம்புலன்ஸ் எல்லாம் வந்து நிற்க வேண்டும். எனக்கு அந்த இரண்டரை மணி நேரம் நியாயமாகவே படுகிறது. சென்னைக்கே போயிருக்கலாமே என்று சொல்பவர்கள் உண்டு. அதற்கும் நியாயம் இருக்கலாம், ஆனால் அது காக்பிட்டில் உட்கார்ந்தவர் எடுக்கும் முடிவு.

எரிபொருளைக் கொட்டும் வசதி சில விமானங்களில் இருந்து சிலவற்றில் இல்லாததற்கும் ஒரு பின்கதை இருக்கிறது. அமெரிக்க விதிப்படி ஒரு காலத்தில், ஏறும் எடை இறங்கும் எடையின் 105 சதவீதத்தைத் தாண்டினால் கொட்டும் வசதி கட்டாயம். 1960-களின் கடைசியில் அதை மாற்றினார்கள். இப்போது கேள்வி எடை விகிதம் இல்லை: முழு எடையோடு கிளம்பி, 15 நிமிடம் பறந்து திரும்பி வந்தால், இறங்க முடியாமல் மறுபடி மேலே ஏறுவதற்குத் தேவையான ஏற்றத் திறன் இருக்கிறதா? இருந்தால் கொட்டும் வசதி தேவையில்லை. 737-க்கும் ஏ320-க்கும் எஞ்சின் பலம் போதும் என்பதால் விட்டுவிட்டார்கள். கவனியுங்கள், இந்த விதியே முழு எடையோடு திரும்பி வந்து இறங்குவதை ஒப்புக்கொண்டுதான் எழுதப்பட்டிருக்கிறது. 747, 777, 787, ஏ380 போன்றவற்றில் வசதி உண்டு. ஏ330-இல் வாங்குபவர் கேட்டால் வைத்துக் கொடுப்பார்கள். இறக்கை நுனிப் பக்கத்துக் குழாய் வழியே நிமிடத்துக்கு டன் கணக்கில் வெளியேறும். ஐந்தாறாயிரம் அடிக்கு மேல் இருந்து விட்டால் பெரும்பகுதி தரைக்கு வரும் முன்பே ஆவியாகிவிடும். தாழ்வாக விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2020 ஜனவரி 14 சம்பவம் சாட்சி: லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ஷாங்காய் கிளம்பிய டெல்டா 777, எஞ்சின் கோளாறால் திரும்பி வரும் வழியில், குடஹி பகுதியில் பள்ளிக் குழந்தைகள் மேலேயே எரிபொருளைத் தூவிவிட்டது. கொட்டத் தேவையில்லை என்று கட்டுப்பாட்டு அறையிடம் சொல்லிவிட்டு அப்படிச் செய்ததுதான் பெரிய சர்ச்சையானது.

ஐந்தாவது நிமிடம் தீப்பிடித்தால் என்ற உங்கள் கேள்விக்குப் பதில் இப்போது சுலபம். எடையைப் பார்க்க மாட்டார்கள், இறங்கிவிடுவார்கள். விமானிகளின் கையேடே அதைச் சொல்கிறது. அணையாத தீ, புகை, நிமிடம் தாமதித்தால் உயிர் போகும் மருத்துவ அவசரம் என்றால் எடை வரம்பு இரண்டாம் பட்சம். இதில் அடிக்கடி இழுக்கப்படும் உதாரணம் 1998 செப்டம்பர் 2 அன்று கனடா கடற்கரைக்கு அருகே விழுந்த சுவிஸ் ஏர் 111. புகை வந்ததும் ஹாலிஃபாக்ஸ் நோக்கித் திரும்பியவர்கள், எரிபொருளைக் கொட்டுவதற்காகக் கடல் பக்கம் விலகினார்கள். 229 பேரும் இறந்தார்கள். "கொட்டாமல் நேரே இறங்கியிருந்தால் பிழைத்திருப்பார்கள்" என்று இன்றும் எழுதுகிறார்கள். விசாரணை அமைப்பின் முடிவு அப்படி இல்லை. தீ பரவிய வேகத்துக்கு, உடனே இறங்க முயன்றிருந்தாலும் ரன்வேயை எட்டியிருக்க முடியாது என்றுதான் அவர்கள் கணக்கிட்டார்கள். ஆனாலும் அந்த விபத்துக்குப் பிறகு, புகை என்றால் முதலில் இறங்கு, மற்றதை அப்புறம் பார் என்ற பழக்கம் துறை முழுக்க வலுப்பட்டது. திருச்சியில் தீயும் இல்லை, புகையும் இல்லை. கையில் நேரம் இருந்தது. நேரத்தைச் செலவழித்து ஆபத்தைக் குறைத்துக்கொண்டார்கள்.

கடைசியாக, அதிக எடையோடு இறங்கிய விமானம் திரும்பப் பறக்குமா என்ற கேள்வி. பறக்கும். விமானி டெக்னிக்கல் லாக் புத்தகத்தில் எத்தனை டன்னில் இறங்கினோம், எவ்வளவு அழுத்தமாகத் தொட்டது என்று எழுதி வைக்க வேண்டும், இது கட்டாயம். அந்தப் பதிவைப் பார்த்த பிறகு பொறியாளர்கள் முதல் கட்டப் பரிசோதனை செய்வார்கள்: டயர், பிரேக், சக்கரத் தொகுதி இணைப்புகள், இறக்கையிலும் வயிற்றுப் பக்கத்திலும் வெளித்தகடு சுருங்கியிருக்கிறதா, எரிபொருள் கசிகிறதா, இறக்கையின் பின்விளிம்பில் நீளும் ஃபிளாப் சரியாக இருக்கிறதா என்று. பதிவுக் கருவியிலிருந்து தொட்ட வேகத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் அதோடு முடிந்தது, சில மணி நேரத்தில் விமானத்தைத் திரும்பக் கொடுத்துவிடுவார்கள். ஏதாவது தட்டுப்பட்டால்தான் பலகைகளைக் கழற்றி உள்ளே பார்க்கும் இரண்டாம் கட்டம்.

மெதுவாகத் தொட்டு, வரம்பை ஓரிரு டன் மட்டும் தாண்டி இறங்கிய விமானங்களில் முதல் கட்டத்திலேயே வேலை முடிந்துவிடுவதைத்தான் நான் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன். அதில் எங்களுக்கு வருகிற தலைவலி வேறு: பணி நேரம் முடிந்துபோன விமானிகளுக்குப் பதிலாக வேறு விமானிகளைத் தேடுவது, கிளம்பாமல் உட்கார்ந்திருக்கும் பயணிகளுக்கு இட்லி காபிக்கு ஏற்பாடு செய்வது, புது எரிபொருளுக்குப் புது லோடு ஷீட் போடுவது.